காற்றில்லாத நாளுக்கு ஒரு பாய்

மலேசியாவுக்குப் பாய் வாங்கப் போகிறேன் என்று சொல்லி விடுப்புக் கேட்டபோது, என் மேலதிகாரி கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். “பத்தமடையில கிடைக்காத பாயாம்மா அங்க கிடைக்கப் போகுது?” என்றார். படுக்கிற பாய் இல்லை சார், தண்ணீரில் ஓட்டுகிற பாய் என்று விளக்கினேன். விளக்கிய பிறகு இன்னும் குழம்பிப்போனார். விடுப்பு மட்டும் கிடைத்தது.

எண்பதுகளின் கடைசி அது. எனக்கு முப்பத்தாறு வயது, டெலிபோன் இலாகாவில் வேலை, கல்யாணம் ஆகவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலைகளில் மெட்ராஸ் துறைமுகத்துக்குள் விண்ட்சர்ஃபிங் செய்துகொண்டிருந்தேன். ஒரு நீளமான பலகை, அதன் நடுவே ஒரு கம்பம், கம்பத்தில் பாய். பலகைமேல் நின்று, பாயைச் சுற்றி வளைந்துவரும் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, உடம்பைச் சாய்த்து ஓட்ட வேண்டும். கிளப்பில் எல்லோரும் ஆண்கள். நான் ஒருத்திதான் பெண்.

“உங்க வெயிட்டுக்கு இந்தக் காத்து பத்தாது மேடம். இந்த வருஷம் கோவா போட்டிக்குப் பேர் குடுக்காதீங்க” என்று கிளப் கேப்டன் ஒருநாள் எல்லோர் முன்னாலும் சொன்னார். நான் எழுபது கிலோ. அவர் என்னைவிடக் கனம். ஆனால் அவர் பிடிப்பது கிளப்பிலேயே பெரிய பாய்; எனக்கு ஒதுக்கியதோ பழக வருகிற பள்ளிப் பிள்ளைகளுக்கான சின்னப் பாய். பலமாகக் காற்றடித்தால் அதுவே போதும். காலை வேளையில் துறைமுகத்துக்குள் காற்று தூங்குகிறவர் மூச்சுப்போலத்தான் வரும். அதை அள்ளிக்கொள்ளப் பெரிய பாய் வேண்டும். பெரிய பாயைக் கேட்டால், “உங்களால தூக்க முடியாது” என்பார்கள்.

“வெயிட் என்னோடது. காத்து கடவுளோடது. பாய் மட்டும்தான் உங்களோடது, அதை நானே வாங்கிக்கறேன்” என்று சொல்லிவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் எங்கே வாங்குவது என்ற கேள்வி வந்தது. அந்தக் காலத்தில் நம் ஊர்க் கடைகளில் அந்தச் சாமான் கிடைக்காது. கோலாலம்பூரில் என் பெரியம்மா மகள் சரோஜா அக்கா இருந்தாள்.

*

அக்காவுக்குப் பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குவார்ட்டர்ஸ். அத்தான் வேலை விஷயமாக ஈப்போவுக்குப் போயிருந்தார். நான் போய் இறங்கிய அன்று மத்தியானம், சமைக்க அலுப்பாக இருக்கிறது என்று சொல்லி வாழையிலைச் சாப்பாட்டுக்கடைக்கு அழைத்துப் போனாள். இலை நம் ஊர் இலை, சாம்பார் நம் ஊர்ச் சாம்பார். ஆனால் பக்கத்து மேசையில் ஒரு சீனக் குடும்பம் விரலால் ரசஞ்சாதம் பிசைந்துகொண்டிருந்தது. என் கண் அங்கேயே நின்றதைப் பார்த்து, “என்னா பாக்குற? ரசம் என்ன நம்ம வீட்டுச் சொத்தா?” என்றாள் அக்கா. காப்பியில் டின்பால் ஊற்றியிருந்தார்கள். அடியில் ஒரு விரற்கடை இனிப்பு தேங்கி நின்றது. அது ஒன்றுதான் எனக்குப் பிடிபடவில்லை.

வந்த காரியத்தைச் சொன்னேன். மற்றவர்கள் சிரித்த இடத்தில் அவள் சிரிக்கவில்லை. “நீச்சல் தெரியுமா உனக்கு?” என்று கேட்டாள். தெரியும் என்றேன். “அப்ப சரி லா. நாளைக்குக் கிள்ளான் போவோம், படகுச் சாமான் கடை அங்கதான்” என்று அந்த ஊர் ‘லா’வோடு சொல்லி மோரை ஊற்றிக்கொண்டாள்.

கிள்ளானுக்குப் போகிற பஸ்ஸைப் பிடிக்க முதலில் ஒரு மினி பஸ்ஸில் ஏறினோம். இளஞ்சிவப்பு நிறம், நம் ஊர் வேனைவிடக் கொஞ்சம் பெரிசு, வேகம் மட்டும் விமானத்தினுடையது. நடத்துநர் கதவில் தொங்கியபடி மலாயில் கத்திக்கொண்டே வந்தார். என்ன சொல்கிறார் என்று கேட்டேன். “உள்ள போங்க, உள்ள போங்க, பின்னால இன்னொரு குடும்பமே உக்காரலாம்னு சொல்றான்” என்று அக்கா மொழிபெயர்த்தாள். ஒரு திருப்பத்தில் என் செருப்பு ஒன்று கதவு வழியாக வெளியே போய்விட்டது. நான் போட்ட கூச்சலில் பஸ் நின்றது. நடத்துநரே ஓடிப்போய் எடுத்துவந்து, இரண்டு கையாலும் பிடித்துக் கொடுத்தார். மெட்ராஸ் பல்லவன் பஸ்ஸில் செருப்பு போயிருந்தால் போனதுதான்.

*

கடை கிள்ளான் ஆற்றுக்குப் பக்கத்தில் இருந்தது. கீழே படகு இயந்திரங்களும் மீன்வலைகளும். சீன முதலாளி கல்லாவில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். பாய்களெல்லாம் மாடியில். விற்க நின்றவர் மணியம் என்ற தமிழர். முப்பது வயதிருக்கும், சட்டைப் பையில் மூன்று பேனா.

“ஹஸ்பண்டுக்கா அக்கா?” என்று கேட்டார்.

“எனக்கு.”

அவர் சரோஜா அக்காவைப் பார்த்தார். “அவங்களுக்குத்தான் லா, காது கேக்கலையா?” என்றாள் அவள்.

ரோஸும் ஊதாவும் கலந்த ஒரு பாயை விரித்தார் மணியம். “லேடீஸ் சைஸ். அஞ்சு சதுர மீட்டர். லேசாத் தூக்கலாம். இங்க வர்ற பொம்பளைங்க எல்லாம் இதைத்தான் கேட்டு வாங்குறாங்க.”

“அவங்க எத்தனை கிலோ?”

“அதெல்லாம் நான் கேக்க முடியுமா அக்கா?”

“நான் சொல்றேன், நான் எழுபது. எங்க ஊர்ல காலையில காத்து எவ்வளவு தெரியுமா?” ஒரு பாயில் தொங்கிய விலைச்சீட்டைப் பிடித்து மெதுவாக ஊதிக் காட்டினேன். சீட்டு லேசாகத் திரும்பி நின்றது. “இவ்வளவுதான். இதுல எழுபது கிலோ நகரணும்.”

மணியம் மோவாயைத் தடவினார். பிறகு உள்ளே போய், இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு ஒரு நீளச் சுருட்டைக் கொண்டுவந்தார். ஏழரை சதுர மீட்டர். பந்தயப் பாய். கண்ணாடிபோல் தெரியும் தாள்துணி. பாயின் அகலம் முழுக்கக் குறுக்கே ஓடும் கெட்டிப் பட்டைகள், அது விறைப்பாக நிற்பதற்கு. “கடையில இதுக்கு மேல சைஸே இல்ல. ஆனா பொய் சொல்லக்கூடாது அக்கா, உங்களால தூக்க முடியாது. விழுந்துட்டா மேல தண்ணி ஏறிக்கும். ஆம்பளைங்களுக்கே கஷ்டம்.”

மெட்ராஸில் கேட்ட வார்த்தையைக் கடல் தாண்டி வந்தும் கேட்டேன். “தண்ணியில தூக்கிப் பாத்துட்டுச் சொல்றேன்” என்றேன்.

“டிரை எல்லாம் இல்லக்கா. வாங்குனா உங்களோடது, வாங்காட்டிக் கடையோடது.”

நான் மாடிப்படியில் உட்கார்ந்தேன். ஓட்டிப் பார்க்காமல் சைக்கிள்கூட யாரும் வாங்குவதில்லை, இதற்காக நான் ஒரு கடலைத் தாண்டி வந்திருக்கிறேன், ஒரு வழி சொல்லும்வரை எழுந்திருக்கப் போவதில்லை என்றேன். சரோஜா அக்கா என் பக்கத்தில் உட்கார்ந்து, பையிலிருந்து டிபன் டப்பாவை எடுத்துத் திறந்தாள். புளிச்சாதமும் பொரித்த நெத்திலியும். மாடி முழுக்க வாசனை பரவியது. ஏற வந்தவர்களும் இறங்க வந்தவர்களும் எங்களைத் தாண்டிப் போக வேண்டியிருந்தது.

முதலாளி கீழேயிருந்து எட்டிப் பார்த்து, மலாயில் ஏதோ சொல்லிவிட்டுச் சிரித்தார். மணியம் மட்டும் சிரிக்கவில்லை. முதலாளி சொன்னதை அக்கா என் காதில் சொன்னாள்: “ஞாயித்துக்கிழமை அந்த ரெண்டு பேரையும் குட்டைக்கு வரச் சொல்லு, இல்லாட்டி இங்கேயே அடுப்பு வெச்சிடுவாங்க.”

குட்டை என்பது ரவாங் பக்கத்தில் இருந்த பழைய ஈயலம்பம். ஈயம் தோண்டி முடிந்ததும் விட்டுப்போன பள்ளம், மழைநீர் நிறைந்து ஏரியாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு கூட்டம் அங்கே விண்ட்சர்ஃபிங் செய்யும். ஆட்கள் பார்க்கட்டும் என்று கடையிலிருந்து சில பாய்களைக் கொண்டுபோவார்களாம். “ஆனா விழுந்து கிழிச்சா வாங்கியே ஆகணும்” என்றார் மணியம்.

*

நடுவில் ஒருநாள் அக்கா என்னைக் கேரி தீவுக்கு, அவள் நாத்தனார் வீட்டுக்கு அழைத்துப் போனாள். பந்திங் பஸ்ஸில் போய் இறங்கினால் எங்கு பார்த்தாலும் செம்பனை, பாமாயில் எடுக்கிற மரம். வரிசை வரிசையாக, ஒரு மட்டைகூட அசையாமல் நின்றது. “இந்த ஊர்ல காத்தே வராதா?” என்று கேட்டேன். “வரும், மழையோட வரும்” என்றார் நாத்தனார். எனக்கு அது சந்தோஷமாக இருந்தது. மெட்ராஸ் காலையைவிட மோசமான காற்றில் ஒரு பாய் ஓடினால், அது எங்கும் ஓடும்.

ஞாயிற்றுக்கிழமை ரவாங் பஸ் பாதி வழியில் புகை கக்கி நின்றுவிட்டது. ஓட்டுநர் இறங்கிப்போய் ஒரு மரத்தடியில் சிகரெட் பற்றவைத்தார். அதைப் பார்த்ததுமே அக்காவுக்குப் புரிந்துவிட்டது. சாலைக்கு நடுவில் போய் நின்று ஒரு லாரியை மறித்தாள். லாரி நிறைய டுரியான், பலாபோல் முள்தோல் உள்ள பழம். ஓட்டிவந்தவர் தமிழர். “முன்னால இடம் இல்லக்கா, பின்னால ஏறிக்கிறீங்களா?” என்றார். முள் குத்தாமல் உட்கார ஒரு சாக்கு கொடுத்தார். அந்தப் பழத்தின் வாசனையைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. குட்டைக்கரையில் நாங்கள் இறங்கியபோது அங்கிருந்தவர்கள் பார்ப்பதற்கு முன்பே மூக்கால் எங்களைத் தெரிந்துகொண்டார்கள்.

நீர் பச்சையும் நீலமுமாகக் கிடந்தது. சுற்றிலும் வெள்ளை மணல் மேடுகள். பத்துப் பன்னிரண்டு பேர், சீனர், மலாய்க்காரர், தமிழர் எல்லோரும் கலந்து. அவர்களுக்குத் தலைவர்போல் கழுத்தில் விசில் தொங்க ஒருவர் நின்றார். காற்று நின்று மாட்டிக்கொண்டவர்களைக் கயிறு கட்டி இழுத்துவர ஒரு மோட்டார் படகும் இருந்தது. பெண் என்று அங்கே இருந்தவர் ஜெயராணி ஒருவர்தான், பல் டாக்டர். தாத்தா காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பமாம், பேச்சு இன்னும் அந்தப் பக்கத்துப் பேச்சு. “இந்தியாவில இருந்தோ வந்தனீங்கள்? இதுக்காகவோ?” என்று வியந்து, தன் பலகையையே எனக்குக் கொடுத்தார். “கொண்டு போங்கோ. நான் பின்னேரம்தான் இறங்குவன்.”

ஏழரை மீட்டரோடு இறங்கினேன். கரையை விட்டுத் தள்ளிப்போனதும், தண்ணீரில் படுத்திருந்த பாயைக் கயிற்றைப் பிடித்து இழுத்தேன். முதுகுத்தண்டு ஒவ்வொரு கணுவாகத் தன்னைத் தெரிவித்துக்கொண்டது. பாய் எழுந்தது. எழுந்ததே தவிர, காற்றை வாங்கவில்லை. அந்தக் கெட்டிப் பட்டைகளை மறுபக்கம் வளைத்துவிட அந்தக் காற்றுக்குப் பலம் போதவில்லை. பாய் தப்பான பக்கம் வளைந்து விறைத்து நின்றது. நான் உலுக்கினேன். பலகை நழுவியது. விழுந்தேன். மறுபடி இழுத்தேன், மறுபடி விழுந்தேன். நான் எண்ணவில்லை, கரையில் எண்ணினார்கள். ஒவ்வொரு தடவை விழுந்தபோதும் ஒரு “ஓ” கேட்டது.

மோட்டார் படகு வந்தது. “கயிறைப் பிடி, கயிறைப் பிடி” என்று அதிலிருந்தவர் மலாயில் சொன்னார். கையை வைத்தே புரிந்தது. நான் வேண்டாம் என்று தலையாட்டினேன். பாயைப் பலகைமேல் சாய்த்துப் போட்டு, குப்புறப் படுத்து, இரண்டு கையாலும் துழாவிக்கொண்டே கரைக்கு வந்தேன். முழங்கை இரண்டும் தோல் உரிந்துவிட்டது. வெகுநேரம் ஆனது. படகு பக்கத்திலேயே பொறுமையாக உறுமிக்கொண்டு வந்தது.

மணியம் சொன்னது சரி என்பதுதான் என்னை எரித்தது. அந்தப் பாய் எனக்கு ஆகாது. அங்கேயே அழுதிருப்பேன். சரோஜா அக்கா, எண்ணிக்கொண்டிருந்தவர்களைப் பார்த்துக் குடையை மடக்கி நீட்டி, “ஏறிப் பாருங்களேன் ஒருத்தன், பாப்போம்!” என்று கத்திக்கொண்டிருந்ததால் சிரிப்பு வந்துவிட்டது.

“இப்ப லேடீஸ் சைஸ் பாக்கலாமாக்கா?” என்றார் மணியம். கேலி இல்லை, இரக்கம். அது இன்னும் மோசமாக இருந்தது.

அப்போதுதான் கடை வண்டியில் கம்பங்கள் உரசாமலிருக்கச் சுற்றிவைத்திருந்த வெள்ளைத் துணியைப் பார்த்தேன். ஓரத்தில் பித்தளை வளையங்கள் தெரிந்தன. “அது என்ன?”

“அது பழைய மாடல். ஆறரை. யாரும் வாங்கல, அதான் போத்தி வெச்சிருக்கோம்.”

இழுத்து விரித்தேன். மடிப்புகளில் மஞ்சள் ஏறியிருந்தது. துணி மெல்லிசு, பழைய வேட்டிபோல் மெத்தென்றிருந்தது. பட்டைகள் வெளி ஓரத்தில் மட்டும், கையளவுக்கு. பந்தயப் பாயின் எடையில் பாதிகூட இருக்காது. கம்பத்தில் ஏற்றி, கயிற்றை ரொம்ப முறுக்காமல் கட்டினேன். பாயின் நடுப்பகுதி, அதை வயிறு என்போம், நன்றாகக் குழிந்து விழுந்தது. காற்று குறைந்த இடத்தில் அந்த வயிறுதான் வேண்டும். தட்டையான பாயில் இளங்காற்று நிற்காமல் வழிந்து போய்விடும்.

“தொப்பை வெச்சிருக்கு பாரு. நம்ம ஆளு லா” என்றாள் அக்கா.

*

இறங்கியபோது மலைப்பக்கம் வானம் கறுத்துவிட்டது. மழைக்கு முன் காற்று முழுக்க நின்றுபோகும் நேரம். குட்டையின் மறுகோடியில் ஆறேழு பேர் பெரிய பெரிய பாய்களோடு அசையாமல் நின்றார்கள். எல்லோரையும் கரைக்குத் திரும்பச் சொல்லி விசில் ஒலித்தது. நான் அப்போது பாயைப் படுக்கப் போட்டு, கையால் துழாவி நடுவுக்கு வந்திருந்தேன்.

வெள்ளைப் பாயைத் தூக்கியது எனக்கு நினைவில்லை, அவ்வளவு லேசாக வந்தது. காலைக் கம்பத்தடியில் வைத்துக்கொண்டு, உலுக்காமல், இழுத்துப் பிடிக்காமல், கொஞ்சம் வெளியே விட்டு நின்றேன். கன்னத்தில் காற்றே தெரியவில்லை. ஆனால் துணியில் ஒரு சுருக்கம் மறைந்தது. வயிறு மெல்ல நிறைந்தது. பலகை முனையில் களக் களக்கென்று ஒரு சத்தம். அந்தச் சத்தத்தைக் கேட்டு நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். நகர்கிறேன்.

படகு மறுகோடிக்குப் போய், மூன்று பேரை ஒரே கயிற்றில் கோத்து இழுத்துக்கொண்டு வந்தது. என் பக்கம் வந்ததும் கயிற்றை வீசினார்கள். நான் எடுக்கவில்லை. படகிலிருந்தவர் வானத்தைக் காட்டினார். நான் கரையைக் காட்டினேன். கயிற்றில் கோத்து வந்தவர்களில் ஒருவர் என் பாயைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார். அவர்களை இறக்கிவிட்டு மீதிப் பேருக்காகப் படகு திரும்புவதற்குள் நான் கரைக்கு வந்துவிட்டேன். கால் மணலில் பட்டபோது முதல் தூறல் விழுந்தது.

விசில்காரர் கோபமாக ஆங்கிலத்தில் பேசினார். இடி விழுந்திருந்தால் யார் பதில் சொல்வது என்றார். அதில் நியாயம் இருந்தது. விசிலைக் கேட்டுத்தான் திரும்பினேன், கயிற்றுக்காக இன்னும் காத்திருக்கிறவர்களைவிட முன்னால் வந்திருக்கிறேன் என்றேன். அவர் பிறகு தன் துண்டை எடுத்து என் முழங்கைக்குக் கொடுத்தார்.

கொட்டகையில் மழைக்கு ஒதுங்கி நின்றபோது, “அந்தப் பாய் உங்களுக்குச் சரிவராட்டி எனக்குச் சொல்லுங்கோ, நான் இப்பவே எடுக்கிறன்” என்றார் ஜெயராணி. அதைக் கேட்டதும் மணியத்தின் முகம் மாறியது. “இது லைட் விண்டுக்குன்னே ஸ்பெஷலா செஞ்சது அக்கா” என்று ஆரம்பித்தார்.

“காலையில கம்பத்துக்குப் போத்தின துணி” என்றாள் சரோஜா அக்கா. “போத்தின துணிக்கு என்ன விலையோ அதைச் சொல்லு லா.”

பாய் என்னுடையதாயிற்று. ஜெயராணியிடம் மன்னிப்புக் கேட்டேன். “ஏன் மன்னிப்பு? நானும் அப்பிடித்தான் செய்திருப்பன்” என்று சிரித்தார்.

*

மெட்ராஸில் பிறகு நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் வாசிக்கிறவர்கள் கடைசிவரை அதையே நினைத்துக்கொண்டிருப்பார்கள். கோவாவுக்கு ஆள் எடுக்கிற தேர்வு ஓட்டத்தன்று துறைமுகத் தண்ணீர் எண்ணெய்போல் கிடந்தது. நான் நான்காவதாக வந்தேன். நான்கு பேரை எடுப்பதாகச் சொல்லியிருந்தவர்கள், முடிந்த பிறகு மூன்று பேர் போதும் என்றார்கள். என் சொந்தச் செலவில் ரயில் ஏறி, என் பாயோடு கோவாவுக்குப் போய், தனிப் பெயரில் ஓடினேன். கடைசியாக வரவில்லை. எனக்குப் பின்னால் வந்தவர்களில் எங்கள் கிளப்பின் மூவரில் ஒருவரும் உண்டு. அவர் யார் என்று எழுத மாட்டேன்.

*

கிளம்புகிற அன்று அக்கா பொட்டலம் பொட்டலமாக நெத்திலி கட்டிக் கொடுத்தாள். சுருட்டிய பாய் என்னைவிட உயரம். சுபாங் விமான நிலையத்தில் கவுண்ட்டரில் இருந்த பெண், இவ்வளவு நீளம் ஏற்ற முடியாது என்றாள். கிரிக்கெட் ஆட்டக்காரர்களின் பையை ஏற்றுவீர்களா என்று கேட்டேன். ஏற்றுவோம் என்றாள். இதுவும் விளையாட்டுச் சாமான், நான் ஆட்டக்காரி என்றேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சீட்டை ஒட்டினாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அக்கா குடையை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

மீனம்பாக்கத்தில் சுங்க அதிகாரி விடவில்லை. “என்னம்மா இது, கூடாரமா?”

“பாய் சார்.”

“இவ்வளவு நீளப் பாயா? பிரிங்க.”

நீள மேசைமேல் வைத்துப் பிரித்தேன். மேசை போதாமல் பாதி தரைக்கு இறங்கியது. பயணிகள் டிராலியை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். மடிப்புக்குள் ஏதாவது ஒளித்திருக்கிறதா என்று பார்க்க, அதிகாரி ஒரு முனையைத் தலைக்குமேல் தூக்கினார். ஓரத்தில் ஒரு பெரிய மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது, யாருக்கும் வியர்வை அடங்காத காற்று. அந்தக் காற்று துணிக்குள் நுழைந்தது. வெள்ளைப் பாய் மெதுவாக உப்பி, மேசையிலிருந்து எழுந்து, அவரை இரண்டு அடி இழுத்துப் போனது. அவர் விடவும் தெரியாமல் பிடிக்கவும் தெரியாமல் இரண்டு கையாலும் முனையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

“என்னம்மா இது, இழுக்குது!” என்றார்.

நான் மேசையைச் சுற்றிப் போய்க் கையை நீட்டினேன்.

“குடுங்க சார். இதை நான் பிடிச்சுக்கறேன்.”